இரண்டு செல்லில் ஓடும் தொலைபேசி

(மூத்த குடிமக்கள் மன்றக் கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் இதே மேடையில் கம்பராமாயணம் பேசினார்கள். இந்த மாதம் கார்ட்லெஸ் போனுக்கு பேட்டரி மாற்றுவது எப்படி என்று தலைப்பு. செயலாளர் கேட்டபோது விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றே நினைத்தேன். "இல்லை ஐயா, நம்ம உறுப்பினர்கள் பல பேர் வீட்டுல கார்ட்லெஸ் போன் இருக்கு. பாதி வேலை செய்யல. ஏன் செய்யலன்னு யாருக்கும் தெரியல" என்றார். அப்படியானால் வருகிறேன் என்றேன்.

தொலைபேசிகளைத் திறந்து பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவன் நான். அந்த உரிமையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "போன் போயிடுச்சு" என்று என் மேசைக்கு வந்த கார்ட்லெஸ் போன்களில் பெரும்பாலானவை போகவில்லை. போனது உள்ளே இருக்கும் இரண்டு செல். அதை மாற்றப் பல போன்களில் ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், கட்டை விரல் போதும். ஆனால் தவறான செல்லைப் போட்டால் நல்ல போனும் கெடும், கையும் புண்ணாகும். நான் இன்று பேசப்போவது முழுக்க இதைப் பற்றித்தான்.

கைபேசி இருக்கும்போது இது எதற்கு என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கட்டும். பெரிய பொத்தான், கண்ணாடி போடாமல் தெரியும் எண், தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொள்ள வாகான உடம்பு, சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் மனப்பாடமான நம்பர். இப்போது ஃபைபர் இணைப்பு வாங்கினாலும் கூடவே ஒரு தரைவழி எண் தருகிறார்கள். அந்தப் பெட்டியின் பின்னால் போன் செருக ஒரு துளை இருக்கும். ஆகவே இந்தக் கருவிக்கு இன்னும் கொஞ்ச காலம் வேலை இருக்கிறது.

கம்பியில்லாத ரிசீவருக்குக் காப்புரிமை வாங்கியவர்களில் முன்னோடி ஜார்ஜ் ஸ்வைகர்ட் என்ற அமெரிக்கர். அமெச்சூர் ரேடியோ ஆர்வலர். 1966-ல் விண்ணப்பித்து 1969-ல் காப்புரிமை பெற்றார். பிறகு வந்த பழைய அனலாக் போன்களில் பக்கத்து வீட்டுப் பேச்சும் சில சமயம் நம் காதில் விழும். மாமியார் மருமகள் விவகாரமெல்லாம் தெருவுக்கே தெரிந்த காலம் அது. 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் டெக்ட் என்ற டிஜிட்டல் முறை வந்த பிறகுதான் அந்தத் தொல்லை தீர்ந்தது. இன்று நம் வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் இந்த வகை. இதே டெக்ட் முறையை அடிப்படையாக வைத்துத்தான் நம் சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு, மிடாஸ் என்ற சென்னை நிறுவனத்தோடும் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தோடும் சேர்ந்து 'கார்டெக்ட்' என்ற கருவியை 1990-களில் உருவாக்கியது. வீட்டுக்குள் 50 மீட்டர் போகிற அலையை 10 கிலோமீட்டர் தூரத்துக்கு எடுத்துப்போய், கம்பி இழுக்க முடியாத கிராமங்களுக்குத் தொலைபேசி கொடுத்தார்கள். அது தனிக் கதை. இன்னொரு மாதம் அழைத்தால் சொல்கிறேன்.

இப்போது கையில் இருக்கும் போனுக்கு வருவோம். இதில் இரண்டு உறுப்பு. மேசையில் உட்கார்ந்திருப்பது பேஸ். அதற்கு தொலைபேசி வயரும் வருகிறது, அடாப்டர் வழியாகக் கரண்டும் வருகிறது. நாம் தூக்கிக்கொண்டு நடப்பது ரிசீவர். ரிசீவருக்கு உயிர் அதன் முதுகில் இருக்கும் பேட்டரிதான். பெரும்பாலான மாடல்களில் டிவி ரிமோட்டுக்குப் போடும் சின்ன பென்சில் செல் அளவில், டிரிபிள் ஏ என்பார்களே, அந்த அளவில் இரண்டு செல் இருக்கும். பார்க்க ரிமோட் செல் மாதிரியே இருக்கும். வினை தொடங்குவதே அந்த மாதிரியில்தான்.

ரிமோட் செல் 1.5 வோல்ட். ஒரு முறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். கார்ட்லெஸ் போனுக்குள் இருப்பது 1.2 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. தீரத் தீர மறுபடி சார்ஜ் ஏற்றலாம், சில நூறு தடவை தாங்கும். பேஸுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ரிசீவரை வைத்தால் கரண்டை உள்ளே அனுப்பும், அவ்வளவுதான். உள்ளே ரிமோட் செல் இருந்தாலும் அனுப்பும். ஏற்க முடியாத செல்லுக்குள் கரண்டைத் திணித்தால் என்ன ஆகும்? உள்ளே வாயு உண்டாகும், அழுத்தம் ஏறும், செல்லின் அடியில் இருக்கும் அடைப்பு திறந்து காரம் வெளியே கசியும். சில சமயம் வெடிக்கவும் வெடிக்கும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ரிமோட் செல்லைப் போட்டவுடன் போன் பளிச்சென்று வேலை செய்யும். இரண்டு செல்லும் சேர்ந்து 2.4-க்குப் பதில் 3 வோல்ட் தருகின்றன அல்லவா, வெளிச்சம்கூடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். "பாத்தியா, சரியாயிடுச்சு" என்று ஸ்டாண்டில் வைத்துவிட்டுத் தூங்கப் போவோம். கெடுதல் தொடங்குவது அந்த ராத்திரியிலிருந்துதான்.

ஒரு வீட்டில் நடந்தது. தனியாக இருக்கும் அம்மா. பிள்ளை வெளியூரில். போன் இழுபடுகிறதே என்று பக்கத்துக் கடையில் பையனை விட்டுச் செல் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்காரர் ரிமோட் செல் இரண்டு கொடுத்துவிட்டார். கொஞ்ச நாளில் போன் மூச்சுப்பேச்சில்லை. பிள்ளை புதுப் போன் வாங்கி அனுப்புகிறேன் என்று சொல்லியாயிற்று. நான் மூடியைக் கழற்றினேன். செல்லின் அடிப்பக்கம் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைத் தூள். ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்றில் பச்சை பிடித்து, தொட்டால் உதிர்கிறது. செல் அறைக்கு மேலே இருக்கும் சர்க்யூட் பலகைக்குக் கசிவு ஏறவில்லை, அது அந்த அம்மாவின் அதிர்ஷ்டம். துடைத்து, சரியான செல் போட்டு, ஸ்டாண்டில் வைத்தேன். சார்ஜ் விளக்கு எரிந்தது. புதுப் போன் வாங்க வேண்டிவரவில்லை.

துடைப்பது எப்படி என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் கையுறை, இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பை கையில். வெள்ளைத் தூளை ஊதக் கூடாது, கண்ணில் படும். அல்கலைன் செல் கசிவு காரம், ஆகவே அதற்குப் புளிப்பு வேண்டும். காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் லேசாக நுரைத்து இளகும். சாதாரண துத்தநாகச் செல்லின் கசிவு பழுப்பாக, பிசுபிசுப்பாக இருக்கும். அது புளிப்பு, ஆகவே சமையல் சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துத் தொட வேண்டும். பிறகு ஈரம் பிழிந்த பஞ்சால் ஒரு தடவை, உலர்ந்த பஞ்சால் ஒரு தடவை. நன்றாக உலர்ந்த பிறகே செல்லைப் போடுங்கள். கசிவு கண்ணில் பட்டுவிட்டால் கசக்காதீர்கள். குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது விடாமல் கழுவிக்கொண்டு, நேரே கண் மருத்துவரிடம் போங்கள்.

சரி, போன் மக்கர் செய்கிறது. செல் போய்விட்டதா, வேறு கோளாறா? காசு செலவழிக்கும் முன் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். திரையில் மூன்று கட்டம் நிறையக் காட்டுகிறது, எடுத்துப் பேசினால் இரண்டு நிமிடத்தில் 'பீப் பீப்' என்று கத்தி அணைந்துவிடுகிறது என்றால், சந்தேகமே வேண்டாம், செல்லுக்கு வயசாகிவிட்டது. வயசான செல்லின் உள்ளே ஈரம் வற்றி, மின்தடை கூடிவிடும். சும்மா இருக்கும்போது வோல்டேஜ் சரியாகக் காட்டும், பேச ஆரம்பித்துக் கரண்டு இழுத்தவுடன் விழுந்துவிடும். வோல்டேஜைப் பார்த்துக் கட்டம் போடுகிற போன் அதில் ஏமாந்துபோகிறது.

ரிசீவரை ஸ்டாண்டில் வைத்தும் சார்ஜ் அடையாளமே வரவில்லை, கொஞ்சம் அசைத்தால் வருகிறது, கையை எடுத்தால் போகிறது என்றால் செல்லைக் குறை சொல்லாதீர்கள். ஸ்டாண்டில் இரண்டு சின்ன உலோக நாக்கு இருக்கும். ரிசீவரின் அடியில் அதற்கு ஜோடியாக இரண்டு தகடு. அங்கேதான் அழுக்கு. தேங்காய் எண்ணெய்க் கை, விபூதி, சமையலறைப் பிசுக்கு, சாம்பிராணிப் புகை எல்லாம் அந்தத் தகட்டில் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர் என்றால் உப்புக் காற்று வேறு. அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் நான்கு தகட்டையும் தேயுங்கள். ரப்பர்த் தூளை உலர்ந்த துணியால் தட்டிவிடுங்கள். உப்புத்தாள், பிளேடு எல்லாம் வேண்டாம். மேலே இருக்கும் பூச்சு போய்விட்டால் அப்புறம் துருதான். மாதம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் எதையும் போன் உடம்பில் தொடாதீர்கள், பிளாஸ்டிக் வெளிறி வெடிக்கும்.

தகடும் சுத்தம், அப்படியும் சார்ஜ் நிற்கவில்லை என்றால் செல் மாற்றும் நேரம் வந்துவிட்டது. இரண்டு மூன்று வருஷம் ஓடியிருந்தாலே அது தன் கடமையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

கடையில் "கார்ட்லெஸ் போன் செல்" என்று மட்டும் கேட்காதீர்கள். பழைய செல்லைக் கையோடு கொண்டுபோங்கள். மேலே எழுதியிருப்பதைப் பாருங்கள், 1.2 வோல்ட், ரீசார்ஜபிள், டிரிபிள் ஏ. எம்.ஏ.எச். என்று ஒரு எண் இருக்கும். அது கொள்ளளவு. 550-லிருந்து 800 வரை எதுவானாலும் நம் போனுக்குப் பொருந்தும். கூடுதல் என்றால் கூடுதல் நேரம் பேசலாம், சார்ஜ் ஏறவும் கூடுதல் நேரம் ஆகும். இந்த அளவு நிக்கல் செல்லில் 1000-ஐத் தாண்டுவதே கஷ்டம். 1500, 1800 என்று பளபளப்பாக எழுதியிருந்தால் எழுதியவருக்குக் கூச்சமில்லை என்று புரிந்துகொண்டு கீழே வைத்துவிடுங்கள். நல்ல செல் சுமார் 12, 13 கிராம் எடை இருக்கும். போலிச் செல் கையில் எடுத்தாலே லேசாகத் தெரியும்.

இன்னொரு எச்சரிக்கை, இது இணையத்தில் வாங்கும் பிள்ளைகளுக்கு. 10440 என்ற எண்ணுடன் ஒரு லித்தியம் செல் விற்கிறது. 10 மில்லிமீட்டர் விட்டம், 44 மில்லிமீட்டர் நீளம். அதாவது அச்சு அசலாக நம் டிரிபிள் ஏ அளவு. ஆனால் ஒன்றே 3.7 வோல்ட். ரீசார்ஜபிள் என்றுதான் அதிலும் எழுதியிருக்கும். இரண்டைப் போட்டால் 7 வோல்ட்டுக்கு மேல் ஏறி ரிசீவர் கருகும். நிக்கலுக்காகச் செய்த சார்ஜரில் லித்தியத்தை ஏற்றினால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. வோல்ட்டைப் படிக்காமல் எதையும் உள்ளே போடாதீர்கள்.

மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்று சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. நொண்டி மாட்டையும் நல்ல மாட்டையும் ஒரே நுகத்தில் பூட்டிய கதைதான் அது. பலவீனமான செல் முதலில் தீர்ந்துவிடும். வலுவான செல் அதன் வழியாகவே கரண்டைத் தள்ளும். தீர்ந்த செல்லுக்குள் கூட்டலும் கழித்தலும் தலைகீழாகி, வாயு கிளம்பி, கடைசியில் கசியும். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கொள்ளளவு, ஒரே நாளில் வாங்கியதாக இருக்கட்டும்.

மூடியைக் கழற்றும் முன் ரிசீவரை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிடுங்கள். முதுகில் அம்புக்குறி போட்ட இடத்தில் அழுத்திக் கீழே தள்ளினால் மூடி நழுவும். வரவில்லை என்றால் பலம் காட்டாமல் ஓரத்தில் சின்ன திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய செல்லைக் கத்தி முனையால் நெம்பாதீர்கள், மேலுறை கிழிந்தால் ஷார்ட் ஆகும். புதுச் செல்லை வைக்கும்போது கழித்தல் பக்கத்தை ஸ்பிரிங்கில் அழுத்தி, பிறகு கூட்டல் பக்கத்தை இறக்குங்கள். இரண்டு செல்லும் எதிரெதிராகப் படுத்திருக்கும், அறையின் அடியில் படம் போட்டிருப்பார்கள். படத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும், பழக்கத்தில் போடக் கூடாது. பிறகு மூடிவிட்டு ஸ்டாண்டில் வைத்து விடிய விடிய ஏற்றுங்கள். 7 மணி நேரம் போதும் என்று சில கம்பெனிகள் எழுதுகின்றன, 15 மணி நேரத்துக்கு மேல் கேட்பவையும் உண்டு. கையேடு தொலைந்துபோயிருந்தால் ஒரு இரவு, ஒரு பகல் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேதியும் மணியும் மட்டும் பல போன்களில் அழிந்துபோகும், மறுபடி வைத்துக்கொள்ள வேண்டும்.

சில பழைய மாடல்களில் தனிச் செல் இருக்காது. இரண்டோ மூன்றோ செல்லைச் சேர்த்து உறை போட்டு, சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர், நுனியில் ஒரு வெள்ளைப் பிளக். இதைக் கழற்றும்போது வயரைப் பிடித்து இழுக்காதீர்கள், பிளக்கைப் பிடியுங்கள். புதிது வாங்கும்போது வோல்ட் மட்டும் ஒத்திருந்தால் போதாது. 2.4, 3.6 என்று இரண்டு வகை உண்டு, அதோடு பிளக்கில் சிவப்பு எந்தப் பக்கம் என்பதும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். "வயரை வெட்டி ஒட்டித் தர்றேன் சார்" என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். செல்லின் மேல் நேரடியாகச் சூடு வைத்துப் பற்றவைத்தால் உள்ளே இருக்கும் அடைப்பு உருகும்.

ஒரு அம்மா கை தூக்குகிறார்கள். "ரிசீவரை எப்பவும் ஸ்டாண்டுலயே வைக்கலாமா, கெட்டுப்போகுமா?" நல்ல கேள்வி. இப்போது வரும் போன்கள் சார்ஜ் நிறைந்தவுடன் கரண்டைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்துவிடும். தாராளமாக வையுங்கள். பழைய போன்கள் அப்படியல்ல, நிறைந்த பிறகும் தள்ளிக்கொண்டே இருக்கும். உங்களுடையது எது என்று அறிய உள்ளங்கையே போதும். ராத்திரி முழுக்க வைத்து, காலையில் முதுகைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால் சரியில்லை, நிறைந்ததும் எடுத்து வெளியே வையுங்கள். நிக்கல் செல்லுக்குப் பெரிய எதிரி உஷ்ணம்தான். அறை வெப்பமே 40 டிகிரியை நெருங்கும் நம் சித்திரை வெயிலில், மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரமும் ஃபிரிட்ஜ் தலையும் டிவிக்குப் பின்புறமும் பேஸ் வைக்கும் இடமல்ல. வீட்டுக்கு நடுவில், இடுப்புக்கு மேல் உயரத்தில், காற்றாட வையுங்கள். அலையும் எல்லா அறைக்கும் எட்டும். இன்னொரு பக்கம், தலையணைக்கு அடியிலேயே வைத்து மூன்று நாள் ஸ்டாண்டைக் காட்டாதவர்களும் இருக்கிறார்கள். அடியோடு வற்றிப்போய்க் கிடப்பதும் செல்லுக்கு ஆகாது. மாதக்கணக்கில் பிள்ளை வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் செல்லைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, அடாப்டரையும் பிடுங்கிவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் ஆசையாகக் கொண்டுவரும் போன் பற்றி ஒரு வார்த்தை. அங்கே விற்பது டெக்ட் 6.0. அது 1920-லிருந்து 1930 மெகாஹெர்ட்ஸில் பேசும். நம் ஊரில் அந்த இடம் கைபேசி கோபுரங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசைக்குள் வருகிறது. உங்கள் வீட்டுப் பேச்சு தெருக்கோடியில் இருக்கும் கோபுரத்துக்கு இடைஞ்சலாகும். அதோடு அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்ததாக இருந்தால், நம் 230 வோல்ட் பிளக்கில் செருகிய நிமிடமே புகைந்துவிடும். பிள்ளை மனம் நோகாமல் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாகவே, அடாப்டர் போய்விட்டால் முள் பொருந்துகிறதே என்று வேறு எதையும் செருகாதீர்கள். வோல்ட்டும் கூட்டல் கழித்தலும் அடாப்டரின் மேலேயே அச்சடித்திருக்கும், ஒத்துப்பார்த்துத்தான் போட வேண்டும்.

கரண்டு போனால் என்ன ஆகும்? இதை நிறையப் பேர் யோசிப்பதில்லை. பழைய டயல் சுற்றும் போன் கரண்டு இல்லாமலே பேசும். எக்ஸ்சேஞ்சில் இருக்கும் பேட்டரியிலிருந்து 48 வோல்ட் வயரிலேயே வந்துகொண்டிருந்தது. மணியடிக்கும்போது 75 வோல்ட் அளவுக்கு வரும், அதனால்தான் வயரைத் தொட்ட லைன்மேன் துள்ளுவார். கார்ட்லெஸ் அப்படியல்ல. ரிசீவரில் சார்ஜ் நிறைந்திருந்தாலும் பேஸுக்குக் கரண்டு இல்லையென்றால் ஊமைதான். சில மாடல்களில் மட்டும் ரிசீவரை பேஸில் வைத்தால் அதன் செல்லிலிருந்தே பேஸ் ஓடும். ஃபைபர் இணைப்பில் இன்னும் ஒரு படி மேலே, சுவரில் இருக்கும் அந்த ஃபைபர் பெட்டிக்கும் கரண்டு வேண்டும். ஆகவே தனியாக இருப்பவர்கள் பேஸையும் ஃபைபர் பெட்டியையும் இன்வெர்ட்டர் பிளக்கில் செருகிவையுங்கள். நள்ளிரவில் 108-ஐ அழைக்க வேண்டிவந்தால் அந்த நேரம் கரண்டு இருக்க வேண்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. கம்பி வைத்த சாதாரண போன் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். செப்புக் கம்பி இணைப்பு இன்னும் உள்ள வீடுகளில் அது கரண்டு இல்லாமலே வேலை செய்யும்.

இடி மின்னல் சமயத்தில் அடாப்டர், தொலைபேசி வயர் இரண்டையும் முன்கூட்டியே கழற்றிவிடுங்கள். மின்னல் இரண்டு வழியாகவும் வரும், ஒன்றை மட்டும் கழற்றுவதில் பயனில்லை. இடி இடிக்க ஆரம்பித்த பிறகு வயரைத் தொடப் போகாதீர்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய செல். அதைக் குப்பையில் போடாதீர்கள், அடுப்பிலும் போடாதீர்கள். இன்னும் பழைய போன்களில் நிக்கல் காட்மியம் செல் இருக்கும். ஸ்வீடனைச் சேர்ந்த வால்டெமர் யுங்னர் 1899-ல் உருவாக்கிய வகை அது. காட்மியம் என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானில் தொயாமா பகுதி மக்கள் சாட்சி. சுரங்கக் கழிவு ஜின்சு ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த நெல்லைத் தின்றவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு நொறுங்கியது. காரணம் காட்மியம்தான் என்று 1968-ல் ஜப்பான் அரசே ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியை வீட்டுக் குப்பையோடு கலக்காமல் தனியாகச் சேர்ப்பவரிடம் கொடுப்பது நம் பொறுப்பு. திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. கூட்டல் முனையில் ஒரு துண்டு செலோடேப் ஒட்டி ஒரு டப்பாவில் போட்டுவையுங்கள். சாவிக்கொத்தோடு பையில் போட்டால் முனைகள் உரசி ஷார்ட்டாகி, தொடையைச் சுட்டுவிடும்.

செயலாளருக்கு என் வேண்டுகோள், மன்ற வாசலில் ஒரு பிளாஸ்டிக் டப்பா வையுங்கள். உறுப்பினர்கள் பழைய செல்லைக் கொண்டுவந்து போடட்டும். நிறைந்ததும் மாநகராட்சியின் அபாயக் கழிவு வாங்குமிடத்திலோ, பேட்டரி வாங்கிக்கொள்ளும் கடையிலோ மொத்தமாகக் கொடுத்துவிடலாம். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும், சாப்பிட உட்காரும் முன், ரிசீவரின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்தைப் படியுங்கள். 1.2 வோல்ட், ரீசார்ஜபிள் என்று இருந்தால் மூடிவிடுங்கள். 1.5 வோல்ட் என்று இருந்தால் ஸ்டாண்டில் வைக்காமல் அப்போதே எடுத்துவிடுங்கள்.